கணக்கில் வராத கிணறுகள்

மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடை எதிலாவது கேட்டுப் பாருங்கள். அடிக்கணக்கோடு, நேற்று வந்த நீர் எத்தனை கன அடி, திறந்துவிட்டது எத்தனை கன அடி என்பதும் சேர்ந்தே பதிலாக வரும். நிரம்பினால் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்பதெல்லாம் அங்கே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் மனப்பாடம். நாளிதழ்களும் வானொலியும் அந்த எண்ணை நாள் தவறாமல் சொல்லிச் சொல்லிப் பொதுச்சொத்தாக்கிவிட்டன. குறுவைக்குத் துணியலாமா, நாற்று விடுவதா, நேரடி விதைப்போடு நிறுத்திக்கொள்வதா என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஓர் அளவீடு மக்கள் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் பல்லடத்துக்குக் கிழக்கே இருக்கிறது. எங்களுக்கு ஆறு கிடையாது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் வாய்க்கால் சில ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும். அதிலும் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் தண்ணீர். மற்றபடி எல்லாம் கிணறும் போர்வெல்லும்தான். மழை ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி. தென்னை, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், கறிக்கோழிப் பண்ணை, விசைத்தறி என்று இத்தனையும் பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் எங்கள் ஊரில் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அவரவர் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது மட்டும் அவரவருக்குத் தெரியும். பக்கத்துக் காட்டுக்காரரின் நிலைமை வேலிக்கு அப்பால் நின்று ஊகிப்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு சிறு செய்தி வந்தது. மாவட்டத்தில் நிலத்தடி நீர்மட்டம் சென்ற ஆண்டைவிட உயர்ந்திருக்கிறது என்றது அது. அதே வாரத்தில் எங்கள் ஊருக்குள் ரிக் வண்டி நின்றுகொண்டிருந்தது. இரவெல்லாம் கம்ப்ரசர் சத்தம். ஆயிரம் அடியைத் தாண்டியும் புழுதிதான் வந்தது. நகையை அடகு வைத்துப் போட்ட போர் அது. செய்தியைப் படித்த எங்கள் சித்தப்பா நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "இவர்கள் எந்த ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், கண்ணு?" என்று கேட்டார். கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் மாதக்கணக்கில் அது என்னை விடவே இல்லை. அரசு பொய் சொல்கிறது என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அளவு எடுக்க வருகிற கள ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் இருசக்கர வாகனத்தில் வந்து, நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஊருக்குப் போகிறவர்கள். அவர்கள் குறித்த எண் சரியாகத்தான் இருக்கும். ரிக் வண்டியும் கண்ணுக்கு முன்னால் நின்றது. இரண்டும் உண்மை என்றால் நடுவில் எங்கே என்ன தவறுகிறது?

ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்?

முதலில் அளவெடுப்பு எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் 20,000-க்கும் மேற்பட்ட கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது ஜனவரியிலும் கோடையிலும் ஆகஸ்டிலும் நவம்பரிலும் நீர்மட்டத்தைப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் நீர்வளத் துறைக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் தனியாகக் கிணறுகள் உண்டு. 20,000 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். நாட்டின் பரப்போடு வைத்துப் பார்த்தால் நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிணறுகூடத் தேறாது. பாசனத்துக்காக நாடு முழுவதும் தோண்டப்பட்ட கிணறுகளும் ஆழ்துளைகளும் 2 கோடிக்கும் மேல்.

காவிரிப் படுகை போன்ற வண்டல் நிலத்தில் இந்தச் சில கிணறுகளே ஓரளவு போதுமானவை. மணலுக்குள் தண்ணீர் பரவி நிற்கும். ஓரிடத்தில் பார்த்தால் பக்கத்து நிலைமையும் விளங்கும். எங்கள் மண் அப்படி இல்லை. மேலே கொஞ்சம் செம்மண், அதன் கீழே சரளை, பிறகு உடைகல், அதற்கும் கீழே கரும்பாறை. பாறைக்குள் தண்ணீர் நிற்பது விரிசல்களில் மட்டும். ஒரு காட்டில் நானூறு அடியில் ஊற்று பீறிடும். வரப்பைத் தாண்டினால் ஆயிரம் அடியிலும் ஈரம் இருக்காது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் மாதங்களில் அதன் ஓரத்துக் கிணறுகள் நிரம்பி நிற்கும். மேட்டுக் காட்டில் அதே மாதம் தென்னைக்கு லாரித் தண்ணீர் வாங்குவார்கள். இவை இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து மாவட்டச் சராசரி என்று ஓர் எண் சொன்னால், அது இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறியது என்றால் தண்ணீர் எவ்வளவு கூடியது என்பது மண்ணைப் பொறுத்தது. நல்ல மணற்பாங்கான வண்டலில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு எடுக்கக்கூடிய நீராக இருக்கும். எங்கள் பாறை நிலத்தில் அது ஒன்று முதல் மூன்று பங்குதான். ஒரு மீட்டர் ஏறியதாகச் செய்தி வந்தால், எங்கள் ஊரில் அதன் பொருள் ஓர் ஏக்கருக்குச் சில சென்டிமீட்டர் உயரத் தண்ணீர். இரண்டு முறை பாய்ச்சினால் தீர்ந்தது. அளவெடுக்கும் கிணறு ஆழம் குறைந்த திறந்த கிணறாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். நல்ல மழை பெய்தவுடன் மேலே இருக்கும் சரளை அடுக்கு நிரம்பிவிடும், கிணறும் ஏறும். எங்கள் போர்வெல்கள் நீர் எடுப்பதோ எழுநூறு, எண்ணூறு அடியில் இருக்கும் விரிசல்களிலிருந்து. மேலே வந்த தண்ணீர் அங்கே போய்ச் சேர எவ்வளவு காலமாகும், போய்ச் சேருமா என்பதைத் திறந்த கிணற்றின் எண் சொல்லாது.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதும் இதே போல மங்கல்தான். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். அந்த உரிமையை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் எங்கள் பகுதியில் விவசாயம் என்றோ முடிந்திருக்கும். ஆனால் மின் மீட்டர் இல்லாத இடத்தில் எடுத்த நீரின் கணக்கும் இல்லை. இத்தனை கிணறுகள், ஒரு கிணற்றுக்குச் சராசரியாக இவ்வளவு என்று பெருக்கித்தான் மொத்தம் சொல்கிறார்கள். இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 கோடி கன மீட்டர் நிலத்தடி நீரை எடுக்கிறது, உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு எடுப்பதில்லை என்று படிக்கிறோமே, அந்த மாபெரும் எண் இப்படிப்பட்ட பெருக்கல்களின் கூட்டல்தான். அதைக் கொண்டுதான் 2017 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் (சில ஊர்களைச் சேர்த்து வகுத்த வருவாய்ப் பகுதிகள்) 462 அதிநுகர்வுக்கு உள்ளானவை என்று வகைப்படுத்தினார்கள். ஆண்டுதோறும் ஊறுவதைவிட அதிகமாக எடுக்கிறார்கள் என்பது அதன் பொருள். வகைப்படுத்தல் பெரிய அளவில் சரியாகவே இருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் எந்தக் கிணறு, எந்த வரப்பு, எந்த ஆண்டு என்று இறங்கிவந்து கேட்டால் அது பேசாது.

வெற்றுக் கட்டங்கள்

இவ்வளவும் தெரிந்த பிறகும் சித்தப்பாவின் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. சராசரி பொருந்தாது என்பது சரி. ஆனால் குறைந்துகொண்டே போகும் ஓர் இடத்தில் எண் எப்படி ஏறும்?

விடை ஓர் அட்டவணையில் இருந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்துக் கண்காணிப்புக் கிணறுகளின் பழைய அளவுகளை அரசுத் தளம் ஒன்றிலிருந்து இறக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாக எண்கள். நடுநடுவே வெற்றுக் கட்டங்கள். முதலில் அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். எண் இருக்கும் இடத்தில்தானே கண் நிற்கும். பிறகு ஒரு கிணற்றின் வரிசையில் கண் மாட்டிக்கொண்டது. மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது, இறங்குகிறது, பிறகு ஒரு கோடையில் கட்டம் காலி. அடுத்த மழைக்குப் பின் ஓர் எண். மறுபடி கோடையில் காலி. பிறகு எப்போதுமே காலி. அந்தக் கிணறு எனக்குத் தெரிந்த கிணறு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், பெரிய வேப்பமரத்தடியில் இருந்தது. இப்போது அதை மூடிவிட்டார்கள். அந்தக் காட்டுக்காரரைப் போய்க் கேட்டேன். "வற்றிப்போனதும் அளவெடுக்க வருவது நின்றுவிட்டது தம்பி, அப்புறம் வாய்க்கால் ஓரமாக வேறொரு கிணற்றைப் பார்ப்பதாகச் சொன்னார்கள்" என்றார்.

நான் விசைத்தறித் துணி வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறவன். வராத கடனைப் பேரேட்டிலிருந்து கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் கணக்குகளை மட்டும் கூட்டி, வியாபாரம் நன்றாக இருக்கிறது என்று முதலாளியிடம் காட்ட முடியாது. வராக்கடன் என்று எழுதி, அதற்கும் ஒரு பதிவு போட்டே ஆகவேண்டும். கிணறுகளின் கணக்கில் அந்தப் பதிவு இல்லை.

இதன் விளைவை ஒரு சின்ன கணக்காகப் போட்டுப் பாருங்கள். பத்துக் கிணறுகள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் தண்ணீர் தரையிலிருந்து 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ஐந்தில் 20 மீட்டரில். சராசரி 15 மீட்டர். கிணறுகள் எல்லாமே 22 மீட்டர் ஆழம்தான். அடுத்த ஆண்டு மழை பொய்த்து எல்லா இடத்திலும் நீர்மட்டம் 3 மீட்டர் இறங்குகிறது. முதல் ஐந்தில் 13 மீட்டர் என்று அளவு கிடைக்கும். மற்ற ஐந்தில் தண்ணீர் 23 மீட்டருக்குப் போயிருக்கும். கிணற்றின் அடியோ 22-இல் முடிந்துவிட்டது. அந்த ஐந்தும் வறண்ட கிணறுகள். அட்டவணையில் வெற்றுக் கட்டங்கள். எண் இருக்கும் கிணறுகளை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் 13 மீட்டர். சென்ற ஆண்டு 15, இந்த ஆண்டு 13. நிலத்தடி நீர்மட்டம் 2 மீட்டர் உயர்ந்தது! ஒவ்வொரு கிணறும் 3 மீட்டர் இறங்கியிருக்கிறது, அறிக்கை மட்டும் உயர்ந்திருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நாடா சரி, எண் சரி, வகுத்தல் சரி.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, இதே கேள்வியை நீரியல் அறிஞர்கள் பெரிய அளவில் எதிர்கொண்டிருக்கிறார்கள். 2017-இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 2002 முதல் 2013 வரை வட இந்தியாவில் நிலத்தடி நீர் குறைந்துவந்ததையும் தென்னிந்தியாவில் அது கூடிவந்ததையும் பதிவு செய்தது. புவியின் ஈர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களை வைத்து நீரின் நிறையைக் கணிக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்களின் தரவும், தரையில் எடுத்த கிணற்று அளவுகளும் அதில் சேர்ந்திருந்தன. தென்னிந்தியாவில் கூடுகிறது என்பதைப் படித்த எங்கள் பகுதிக்காரர் யாரும் வாய்விட்டு அழுதிருப்பார்கள். 2019-இல் தேஜஸ்வி ஹோரா, வீணா சீனிவாசன், நந்திதா பாசு ஆகிய மூவரும் ஜியோபிசிக்கல் ரிசர்ச் லெட்டர்ஸ் இதழில் இந்த முரணை எடுத்துக்கொண்டு எழுதினார்கள். தொடர்ச்சியாக அளவு இருக்கும் கிணறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, விடுபட்ட அளவுகள் கொண்ட கிணறுகளை ஒதுக்குவது ஆய்வுகளில் வழக்கம். அப்படி ஒதுக்கும்போது வறண்டுபோன, கைவிடப்பட்ட கிணறுகளும் சேர்ந்து வெளியே போய்விடுகின்றன. மிஞ்சுவது பிழைத்திருக்கும் கிணறுகளின் கதை மட்டுமே என்று அவர்கள் காட்டினார்கள். பாசனக் கிணறுகளின் கணக்கெடுப்பில் ஆழம் கூடிக்கொண்டே போவதும் வறண்ட கிணறுகள் பெருகுவதும், தென்னிந்தியாவில் நீர் மீண்டுவருகிறது என்ற முடிவோடு ஒத்துப்போகவில்லை.

எங்கள் சித்தப்பாவுக்கு இதைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் வற்றிய கிணற்றையெல்லாம் யார்தான் எழுதி வைப்பது?" என்றார்.

அலமாரியில் இருக்கும் ரசீதுகள்

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது என்பதுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போகின்றன. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் துளைபோடுவது பெரும்பாலும் நம் ஊர் வண்டிகள்தான். ஒவ்வொரு போருக்கும் அவர்கள் ஒரு ரசீது கொடுக்கிறார்கள். அதில் மொத்தம் எத்தனை அடி, எத்தனை அடிக்கு என்ன விலை, கேசிங் பைப் எத்தனை அடி என்று எழுதியிருக்கும். காசு கொடுப்பதற்கான கணக்கு என்றுதான் நாம் அதைப் பார்க்கிறோம். ஒரு நிலவியலாளர் பார்த்தால் வேறு தெரியும். கேசிங் பைப்பை மண்ணும் சரளையும் உடைகல்லும் இருக்கும் ஆழம் வரைக்கும்தான் இறக்குவார்கள். கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே கேசிங் எத்தனை அடி என்பது, அந்த இடத்தில் மழைநீரைத் தாங்கி நிற்கும் மேலடுக்கு எவ்வளவு கனம் என்பதன் நேரடி அளவு. எத்தனையாவது அடியில் தண்ணீர் தட்டியது, எத்தனை இஞ்ச் வந்தது என்பதை வண்டிக்காரர்கள் தனியே ஒரு நோட்டில் குறித்துவைப்பதும் உண்டு. எந்த அடியில் விரிசல், எந்த ஆண்டு அது பொய்த்தது என்ற விவரம் இப்படி ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது. தண்ணீரே வராமல் மூடிய போர்களுக்கும் ரசீது உண்டு என்பதுதான் இதில் முக்கியம். எந்தக் கண்காணிப்பு வலையமைப்பும் சேர்க்காத தோல்விகளின் பதிவு அது.

நானும் எங்கள் அத்தை மகனும் ஊருக்குள் கேட்டுப் பார்க்க ஆரம்பித்தோம். பழைய ரசீது இருக்கிறதா, இல்லாவிட்டால் நினைவில் இருக்கிறதா, எந்த ஆண்டு போட்டது, எந்த ஆண்டு நின்றது. ரசீதுகள் இரும்பு அலமாரியில், பத்திரங்களோடு, சில இடங்களில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தன. ஒரு பெரியம்மா ரசீதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் போருக்காக விற்ற எருமைகளின் பெயர்களையும் சொன்னார். 2016-ஐப் பற்றிச் சொல்லாத வீடே இல்லை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. நாங்கள் சேர்த்த ரசீதுக் கட்டுகளில், அதற்கு அடுத்த கோடையில் போட்ட போர்களின் கட்டுதான் மிகப் பருமன். எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அடுக்கியபோது, திறந்த கிணறுகள் முதலில் கைவிடப்படுவதும், பிறகு கிணற்றுக்குள்ளேயே போர் இறங்குவதும், பிறகு காட்டின் மூலைக்கு மூலை துளைகள் பெருகுவதும் வரிசையாகத் தெரிந்தன. சராசரி எண் எதுவும் காட்டாத வரலாறு அது.

எல்லோரும் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கொடுக்க மறுத்தவர்களின் காரணங்கள் வலுவானவை. "இதை எழுதிக்கொண்டு போனால் நாளைக்கு மீட்டர் வைப்பார்கள், வரி போடுவார்கள்" என்றார் ஒருவர். தண்ணீர் இல்லாத காடு என்று ஊருக்குத் தெரிந்தால் நிலத்தின் விலை விழும், வங்கியில் கடன் கிடைக்காது, பையனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்றார் இன்னொருவர். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? தரவைத் திற, பகிர் என்று நகரத்தில் உட்கார்ந்து பேசுவது எளிது. இங்கே ஒரு துளையின் ஆழம் என்பது ஒரு குடும்பத்தின் கடன், மானம் எல்லாம் சேர்ந்தது. அதனால்தான் பெயரும் சர்வே எண்ணும் இல்லாமல், ஊரின் எந்தப் பகுதி என்பதை மட்டும் குறித்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். ஆய்வுக்கு அது போதும். மறுத்தவர்களில் சிலர் பிறகு தாமாகவே வந்து சொன்னார்கள்.

எண் யாரிடம் திரும்பி வருகிறது

மக்கள் தயங்குவதற்கு அடியில் இன்னொரு பழைய அனுபவமும் இருக்கிறது. விவரம் எப்போதும் ஊரிலிருந்து மேலே போகும். திரும்பி வருவது தடையாகவோ வகைப்பாடாகவோதான் வரும். நீங்கள் சிவப்பு, நீங்கள் மஞ்சள் என்று. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று 2003-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் அது திரும்பப் பெறப்பட்டது. தடை போடும் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்த அளவுக்கு, ஊருக்கு ஊர் நீர்மட்டத்தைத் தெரியப்படுத்துவது பற்றிப் பேச்சு வரவில்லை.

பக்கத்து மாநிலத்தில் வேறு மாதிரி ஒரு முயற்சி நடந்தது. 2003 முதல் ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில், நம் எல்லையை ஒட்டிய சித்தூரும் அதில் ஒன்று, அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் விவசாயிகளே மழையளவையும் போர்வெல்களின் நீர்மட்டத்தையும் அளந்தார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு அதற்குத் துணை நின்றது. அளந்த எண்களை ஊர்ப் பொது இடத்தில் பலகையில் எழுதினார்கள். குளிர்காலப் பயிருக்கு முன்னால் எல்லோரும் கூடி, பூமியில் இவ்வளவு இருக்கிறது, நெல் வைத்தால் இவ்வளவு போகும், நிலக்கடலை வைத்தால் இவ்வளவு போகும் என்று வரவு செலவு போட்டார்கள். மானியமும் இல்லை, அபராதமும் இல்லை. எந்தப் பயிர் வைப்பது என்பது அவரவர் முடிவு. அதன் வெற்றியைப் பின்னாளில் ஆய்வு செய்தவர்கள் எல்லோரும் ஒரே அளவில் ஏற்கவில்லை. எனக்கும் அதை ஓர் அதிசயமாகக் காட்டும் எண்ணம் இல்லை. அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அளந்தவரின் கண்ணுக்கு முன்னாலேயே எண் இருந்தது. மேட்டூர் எண் தஞ்சாவூர்க்காரருக்குச் செய்வதைத்தான் அந்தப் பலகை அவர்களுக்குச் செய்தது.

எண் இல்லாமல் இருப்பதன் விலை என்ன என்பதற்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். 2018 ஜூனில் நிதி ஆயோக்கின் நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கை, 2020-க்குள் சென்னை, பெங்களூரு, டெல்லி, ஹைதராபாத் உட்பட 21 நகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்றது. உலகமே அதை எடுத்துப் போட்டது. 2020 வந்தது, போனது; அந்த நகரங்களில் இன்றும் போர்வெல்கள் ஓடுகின்றன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து, மக்கள் குடத்தோடு தெருவில் நின்றது கொடுமையான உண்மை. ஆனால் எல்லா நகரங்களிலும் ஒரு தேதியில் எல்லாம் தீரும் என்ற எச்சரிக்கை பொய்த்ததும், அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையையும் யாரும் நம்பாத நிலை வருகிறது. ஏறுகிறது என்ற தவறான ஆறுதலைப் போலவே, தீர்ந்தது என்ற தவறான அலறலும் எங்களுக்குத் தீங்குதான்.

இரண்டாவது காவிரி. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று நடுவர் மன்றம் சொல்லியிருந்த 192 டிஎம்சியை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-இல் 10 டிஎம்சி, தமிழ்நாட்டுப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்தால் குறைந்தது. அந்தத் தீர்ப்பின் நியாயத்தை வாதிட இது இடமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பற்றிய ஒரு மதிப்பீடு, ஓர் ஆற்றின் பங்கையே மாற்றும் எடை உடையதாகிவிட்டது. ஆற்றில் வருவதைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவுநிலையம் நாள்தோறும் அளக்கிறது. ஒரு கன அடி குறைந்தாலும் சட்டமன்றத்தில் பேச்சு எழும். நிலத்தடி நீருக்கு அப்படியொரு பிலிகுண்டுலு இல்லை. அதைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மறுத்துக் காட்ட எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் இப்போது செய்துகொண்டிருப்பது சிறிய வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளிலும், மோட்டார் எடுத்துவிட்ட சில பழைய போர்களிலும் நாடா இறக்கி அளக்கிறோம். மோட்டார் ஓடி நின்று குறைந்தது ஓர் இரவாவது கழிந்த பிறகுதான் அளவு. இல்லாவிட்டால் எண் ஏமாற்றும். பதிவேட்டில் வறண்டது என்பதற்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறோம். நாடா அடியைத் தொட்டால், அடியின் ஆழத்தை எழுதி, அதைவிடக் கீழே என்று குறிக்கிறோம். அளக்கவே முடியவில்லை என்றால் அதற்குத் தனிக் குறி. வறண்டதும் அளக்காததும் ஒரே வெற்றுக் கட்டமாகக் கிடக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மேல்நிலைப் பள்ளி மாணவிகள் இருவர் மழைமானி பார்க்கிறார்கள், என்னைவிட ஒழுங்கு.

எப்போது அளப்பது என்ற கேள்விக்கு ஊரின் நாட்காட்டியே வழி காட்டியது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஜனவரி 26 வடகிழக்குப் பருவமழை முடிந்து பூமி நிறைந்து நிற்கும் நேரம். மே 1 கோடையின் உச்சி. நீரியல்காரர்கள் எங்கள் பகுதிக்கு மழைக்குப் பின், மழைக்கு முன் என்று அளக்கும் மாதங்களும் இவைதான். அந்த இரண்டு சபைகளுக்கும் முந்தைய வாரத்தில் அளந்து, சபையிலேயே எண்களைப் படிக்க வேண்டும் என்று வருகிற ஜனவரியில் ஒரு தீர்மானம் கொடுக்கிறோம். ஊராட்சி அலுவலகச் சுவரில் நான்கு அடிக்குக் கரும்பலகை கேட்டிருக்கிறோம். பகுதி வாரியாக நீர்மட்டம் ஒரு பத்தியில், அந்த அரையாண்டில் வற்றிய கிணறுகளும் புதிதாகப் போட்டுப் பொய்த்த போர்களும் பக்கத்துப் பத்தியில். அதன் நகல் ஒன்றை நீர்வளத் துறைக்கும் அனுப்பச் சொல்லி தீர்மானத்தின் கடைசி வரியில் சேர்த்திருக்கிறோம். அளவுநாடாவுக்கான செலவை ஊரிலிருக்கும் ரிக் வண்டி உரிமையாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். தம்முடைய பழைய நோட்டுகளையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.